வீலை அறியாத கேமில் வீல் ஓட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

ஸ்டியரிங் வீலைச் செருகி கேமைத் திறந்தால் கார் அசைய மாட்டேன் என்கிறது. காரைக்குடியில் என் தம்பி மகன் உடனே வீலைத் திருப்பி அனுப்பக் கிளம்பிவிட்டான். "பெரியப்பா, பீஸ் போச்சு!" வீலுக்கு ஒன்றும் ஆகவில்லை. லாஜிடெக் ஜி29 போன்ற வீல்கள் கணினியில் டைரக்ட்இன்புட் என்ற விண்டோஸின் பழைய முறை வழியாகப் பேசும். பல கேம்கள் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கான எக்ஸ்இன்புட் என்ற வேறு முறையை மட்டும்தான் கேட்கும். நடுவில் எக்ஸ்360சிஇ மாதிரி ஒரு மென்பொருளைப் போட்டால், வீல் கன்ட்ரோலராக வேஷம் கட்டும்.

வேஷம் கட்டிய பிறகுதான் பெரிய தவறு நடக்கிறது. வீலை 900 டிகிரியிலேயே விட்டுவிடுகிறார்கள். கேமைப் பொறுத்தவரை அது கட்டைவிரலால் தள்ளும் ஒரு சின்னக் குச்சி. விரல் நடுக்கம் தெரியாமலிருக்க, அந்தக் குச்சியின் நடுவில் கொஞ்சம் இடத்தைக் கேம் கண்டுகொள்ளாது. இடது குச்சிக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்த அளவு 32767-க்கு 7849, கிட்டத்தட்ட கால்வாசி. வீலில் ஒரு பக்கத்துக்கு 450 டிகிரி என்றால், நூறு டிகிரிக்கு மேல் திருப்பியும் டயர் அசையாது. அதனால் சுழற்சியை 240 முதல் 360-க்குள் குறையுங்கள். அப்புறம் கேம் கண்டுகொள்ளாத அந்த இடத்தைத் தாண்டவைக்கும் ஆன்டி டெட் ஸோன் அளவை எக்ஸ்360சிஇயில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். வீலைத் தொட்டதும் டயர் திரும்ப ஆரம்பிக்கும் இடம் வந்ததும் ஒரு பொடி குறைத்து நிறுத்துங்கள். கூட்டிவிட்டால் நேர்ச்சாலையிலேயே கார் நெளியும்.

வேகம் கூடக்கூடத் திருப்பத்தைக் கேமே குறைத்துக்கொள்வதும் உண்டு. அது குச்சிக்காக எழுதியது, எக்ஸ்360சிஇயில் மாற்ற வழியில்லை. பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரே வீலைக் கேம் நிஜம் ஒன்று, வேஷம் ஒன்று என்று இரண்டாகப் பார்த்தால் மெனு தானாக ஓடும், ஒரு பட்டனுக்கு இரண்டு வேலை நடக்கும். ஹிட்ஹைட் என்ற மென்பொருளைப் போட்டு நிஜ வீலைக் கேமின் கண்ணிலிருந்து மறையுங்கள். எக்ஸ்360சிஇக்கு மட்டும் அதில் அனுமதி கொடுங்கள். கேம் கடையான ஸ்டீமில் இதே வேலையைச் செய்யும் ஸ்டீம் இன்புட்டையும் சேர்த்து ஓட விட்டால் குழப்பம்தான், ஏதாவது ஒன்று போதும்.

பெடல்களைக் கன்ட்ரோலரில் ஆள்காட்டி விரலால் அழுத்தும் டிரிகர்களுக்கே கொடுங்கள். ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் ஒரே அச்சில் சேர்ந்திருந்தால் முதலில் பிரியுங்கள். சில வீல்களில் முதல் மிதி விழும்வரை பெடல் பாதி அழுத்தியதாகவே காட்டும், ஆகவே கேம் திறக்குமுன் எல்லாவற்றையும் ஒருமுறை அடிவரை மிதித்துவிடுங்கள்.

வீட்டில் ஆத்தங்குடி டைல்ஸ் என்றால் இன்னொரு தொல்லை. எண்ணெய் தேய்த்தாற்போல் வழுவழுக்கும் அந்தத் தரையில் ஓங்கிப் பிரேக் அடித்தால் பெடல் செட்டே முன்னே ஓடும். சுவரோரம் அண்டக் கொடுத்து வையுங்கள். பழைய தேக்கு மேசையில் கிளாம்பை முறுக்கினால் வடு விழும், ஆச்சி சும்மா விடமாட்டார். அடியில் ஒரு ரப்பர் துண்டு வையுங்கள்.

கைக்கு நிஜ ஸ்டியரிங்கின் கனம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எக்ஸ்இன்புட்டில் வருவது இரண்டு மோட்டார்களின் அதிர்வு மட்டும், டயரின் பிடி அதில் தெரியாது. வீலை நடுவுக்கு இழுக்கும் சென்டரிங் ஸ்பிரிங்கை வீலின் மென்பொருளில் மிதமாக வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் தனியாக ஆடும் கேம்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜிடிஏ 5-க்கு வீல் மாட் (ரசிகர்கள் எழுதிய கூடுதல் நிரல்) இருக்கிறது, நன்றாகவும் ஓடுகிறது. ஆனால் மாட் போட்டபடி ஆன்லைன் பக்கம் போனால் கணக்கை முடக்கிவிடக்கூடும்.