படுக்கையில் புரண்டாலே வீடு சுற்றுகிறதா?

காலையில் எழுவதற்காக ஒரு பக்கம் புரண்டதும் ஃபேனோடு சேர்ந்து வீடே ராட்டினம் மாதிரி சுற்றும், கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தால் அரை நிமிடத்தில் அடங்கிவிடும். அம்மாவுக்கு இது வந்தபோது பித்தம் என்றார்கள், பிரஷர் என்றார்கள், எலுமிச்சைச் சாறுகூட ஓடியது. கோளாறு காதுக்குள் இருந்தது.

உள்காதில் பொடிப்பொடியான கால்சியம் துகள்கள் உண்டு. அவை உதிர்ந்து பக்கத்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால், தலையைத் திருப்பும்போதெல்லாம் உருண்டு, நாம் சுற்றுகிறோம் என்று மூளையை நம்பவைத்துவிடும். மாத்திரை போட்டால் குமட்டல் குறையலாம், துகள் நகராது. அதைக் குழாய் வழியாக உருட்டி மறுபடி பழைய இடத்தில் சேர்ப்பதுதான் அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி உருவாக்கிய எப்லி முறை.

எந்தக் காது என்று மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ உங்களைச் சாய்த்துப் படுக்கவைத்து, கருவிழி துடிப்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் தடவை அவர்களிடமே செய்துகொள்ளுங்கள். கழுத்தெலும்புத் தேய்மானமோ விழித்திரைப் பிரச்சினையோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

வலது காது என்றால் இப்படி. கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, தலையை 45 டிகிரி வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாந்து படுக்க வேண்டும். தலையணை தோளுக்கு அடியில் இருக்கட்டும் (எல்லோரும் தலைக்கு வைத்துவிடுகிறார்கள்), தலை கொஞ்சம் பின்னால் தொங்கணும். இப்போது நன்றாகச் சுற்றும். அம்மா இங்கேதான் "ஐயோ போதும்டா" என்று எழுந்துவிடுவார், எழக் கூடாது. சுற்றல் நின்ற பிறகும் 30 விநாடி அப்படியே இருங்கள். அப்புறம் தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி 30 விநாடி. பிறகு உடம்போடு இடப்பக்கம் புரண்டு, மூக்கு தரையைப் பார்க்கிற மாதிரி இன்னொரு 30 விநாடி. கடைசியில் முகவாய்க்கட்டையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு மெதுவாக எழுந்து உட்காருங்கள், உடனே நடக்க வேண்டாம். இடது காது என்றால் வலம், இடம் இரண்டையும் மாற்றிச் செய்யுங்கள்.

சுற்றல் போனாலும் சில நாள் நடையில் ஒரு தள்ளாட்டம் இருக்கலாம். சுவர் மூலையில் நின்று, கட்டை விரலை முகத்துக்கு நேராக நீட்டி, பார்வையை நகத்திலேயே வைத்துக்கொண்டு தலையை மட்டும் "இல்லை இல்லை" என்று ஒரு நிமிடம் ஆட்டிப் பழகுங்கள். வயதானவர் என்றால் பக்கத்தில் ஆள் வேண்டும்.

சுற்றலோடு வாய் கோணுவது, பேச்சு குழறுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, கை கால் தளர்வது, நிற்கவே முடியாமல் போவது என்று எது வந்தாலும் பயிற்சியெல்லாம் கிடக்கட்டும், 108-ஐக் கூப்பிடுங்கள்.