மைனஸ் 15-இல் ஒரு மணி நேரம் நடப்பது எப்படி? ஒட்டாவா குளிருக்குப் புதியவர்களுக்கு

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் ஜனவரிக் காலையில் மைனஸ் 15 டிகிரி என்பது சர்வசாதாரணம். புதிதாக வந்தவர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை ஓடுவார்கள், மற்ற நேரமெல்லாம் ஹீட்டர் பக்கத்திலேயே முடங்கிக் கிடப்பார்கள். அவ்வளவு பயம் தேவையில்லை. வெளியே போனவரை நடுங்க வைப்பது பல நேரம் அவருடைய சொந்த வியர்வைதான். நடக்கும்போது ஊறும் வியர்வை துணியில் தங்கி, நின்றதும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கீழே சொல்லும் பாதி விஷயங்கள் உடம்பை ஈரமாகாமல் வைத்துக்கொள்ளத்தான்.

படி 1: விண்ட் சில் பாருங்கள்

போனில் முதலில் தெரியும் எண்ணை நம்பிக் கிளம்பாதீர்கள். காற்றையும் சேர்த்துத் தோலுக்கு எவ்வளவு குளிரும் என்று சொல்வதுதான் விண்ட் சில். மைனஸ் 15-இல் காற்று மெல்ல வீசினால் தோலுக்கு அது மைனஸ் 19 போல இருக்கும். 30 கி.மீ. வேகத்தில் அடித்தால் மைனஸ் 26. விண்ட் சில் மைனஸ் 28-ஐத் தொட்டுவிட்டால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம், மைனஸ் 40 என்றால் 5 முதல் 10 நிமிடமே போதும். முதல் சில தடவை மைனஸ் 20-க்குக் கீழே இறங்காத நாளாகப் பாருங்கள். நேரம் காலை 11 முதல் மதியம் 2 வரை. டிசம்பர் கடைசியில் நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

போகும்போது காற்று முகத்தில் அடிக்கட்டும், திரும்பும்போது முதுகில். மாற்றிப் போனால், வேர்த்திருக்கும் நேரத்தில் எதிர்காற்றில் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 2: மூன்று அடுக்கு

முதலில் பருத்தி பனியனைக் கழற்றி வையுங்கள். ஊரில் வேர்வையை உறிஞ்சுகிறது என்று பாராட்டுவோமே, அதே குணம்தான் இங்கே வினை. உறிஞ்சிய ஈரத்தை அது விடாது.

உள் அடுக்கு: மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல், மேலுக்கும் காலுக்கும், தோலோடு ஒட்டினாற்போல். நடு அடுக்கு: ஃப்ளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். வெளி அடுக்கு: காற்றை மறிக்கும், தொடை வரை இறங்கும் ஜாக்கெட். ஜீன்ஸும் பருத்திதான். முழங்கால் ஆழப் பனியில் இறங்கினால் நனைந்து, வீடு திரும்புவதற்குள் தகரம் மாதிரி விறைத்துவிடும். மேலே ஒரு ஸ்னோ பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

அளவு சரியா என்று வாசலுக்கு வெளியே பாருங்கள். முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். கதவைத் திறந்ததுமே இதமாக இருந்தால் ஓர் அடுக்கு அதிகம். நடுவழியில் சூடேறினால், வேர்க்கும் வரை காத்திருக்காமல் ஜிப்பை நெஞ்சு வரை இறக்கிவிடுங்கள். தலைக்குக் குளித்த ஈரத்தோடு கிளம்பவே கூடாது, முடி நிஜமாகவே உறைந்துவிடும்.

படி 3: கை, கால்

குளிரும் கால்களுக்குக் காரணம் பல நேரம் இரண்டாவது ஜோடி சாக்ஸ்தான். பூட்ஸ் இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், சூட்டைப் பிடித்து வைக்கும் காற்றுக்கும் உள்ளே இடமிருக்காது. தடித்த கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி போதும். அதைப் போட்டுக்கொண்டே கடையில் பூட்ஸை மாட்டிப் பாருங்கள், விரல்கள் உள்ளே தாராளமாக அசைய வேண்டும். உள்ளிருக்கும் லைனர், அதாவது சூடு காக்கும் உள்ளுறை, கழற்ற வருகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

கைக்கு, விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன்ஸ்தான் கிளவுஸை விடச் சூடு. போன் உள் பாக்கெட்டில் இருக்கட்டும். குளிரில் 40 சதவீதம் காட்டும் பேட்டரிகூடத் திடீரென்று அணைந்துவிடும்.

படி 4: நடை

பென்குயின் மாதிரி நடங்கள்: சின்ன அடி, முழுப் பாதமும் தரையில், உடல் எடை முன் காலில். கையைப் பாக்கெட்டில் விட்டு நடந்தால், வழுக்கும்போது ஊன்றக் கை இருக்காது. புதுப் பனியை விட, பகலில் உருகி இரவில் இறுகிய தரைதான் இடுப்பை உடைக்கும். கறுப்பாகப் பளபளக்கிற நடைபாதையை ஈரம் என்று நினைத்துக் கால் வைக்காதீர்கள். பூட்ஸில் மாட்டும் ஆணிப் பட்டை அங்கே உதவும். ஆனால் கடைக்குள் நுழையுமுன் கழற்றிவிடுங்கள், டைல்ஸில் அதுவே வழுக்கும்.

படி 5: கால்வாய்

கொஞ்சம் பழகியதும் ரீடோ கால்வாய்க்குப் போங்கள். உறைந்த கால்வாயின் மேல் 7.8 கி.மீ. நீளப் பாதை, கட்டணம் கிடையாது. பனிக்கட்டி சுமார் 30 செ.மீ. தடித்த பிறகுதான் திறப்பார்கள். 2022-23 குளிர்காலத்தில் அந்தத் தடிப்பு வரவில்லை, ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. பச்சைக் கொடி என்றால் இறங்கலாம், சிவப்பு என்றால் கூடாது.

காவல் இல்லாத ஏரி, ஆறு வேறு கதை. ஒருவர் நடக்கவே குறைந்தது 15 செ.மீ. தெளிவான பனிக்கட்டி வேண்டும். வெள்ளையாக இருப்பதற்கு வலு பாதிதான். அளந்து பார்க்கத் தெரியாதவரை அந்தப் பக்கம் வேண்டாம்.

படி 6: எப்போது திரும்புவது

மூக்கு நுனி, காது மடல், விரல் நுனி மரத்துப்போனால் உடனே திரும்புங்கள். தோல் வெளுக்கும் என்பார்கள். நம் நிறத்தில் அது சாம்பல் பூத்தாற்போலத்தான் தெரியும், சிலருக்கு அதுவும் தெரியாது. அதனால் உணர்ச்சி இருக்கிறதா என்பதைத்தான் நம்ப வேண்டும். தேய்க்காதீர்கள். விரலை அக்குளில் வையுங்கள், மூக்கை உள்ளங்கையால் மூடுங்கள். வீட்டில் 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் நனைக்கலாம். ஹீட்டர், அடுப்பு பக்கம் காட்டக் கூடாது, மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. உணர்ச்சி திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

படி 7: வந்ததும்

பூட்ஸ் லைனரை உருவித் தனியாகக் காய வையுங்கள். உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்து மாற்றுங்கள். ஹீட்டர் மேலேயே வைத்தால் பசை விட்டு அடிப்பாகம் பிளந்துவிடும். அரைகுறையாகக் காய்ந்த லைனரோடு மறுநாள் கிளம்பினால் பத்தே நிமிடத்தில் கால் சில்லிட்டுவிடும்.