இருமுனை பெரிதானால் கொதிநிலை ஏறுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹைட்ரஜன் குளோரைடு, ஹைட்ரஜன் புரோமைடு, ஹைட்ரஜன் அயோடைடு மூன்றையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். மூலக்கூறின் ஒரு முனை சற்றே நேர்மின்னாகவும் மறுமுனை எதிர்மின்னாகவும் இருப்பதுதான் இருமுனை. அதன் வலுவைச் சொல்லும் இருமுனைத் திருப்புத்திறன் ஏறத்தாழ 1.1, 0.8, 0.4 டிபை (அதன் அலகு) என்று இறங்குகிறது. கொதிநிலையோ −85, −67, −35 டிகிரி செல்சியஸ் என்று ஏறுகிறது. முனைவு கூடினால் கொதிநிலை கூடும் என்று மனப்பாடம் செய்தவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். அயோடினின் எலக்ட்ரான் மேகம் பெரியது, எளிதில் நெகிழக்கூடியது. அதனால் எலக்ட்ரான்களின் கணநேர அசைவால் எழும், நிரந்தர இருமுனையே தேவைப்படாத லண்டன் விசை அங்கே ஓங்கி நிற்கிறது.

இருமுனையின் பங்கை மட்டும் பார்க்க வேண்டுமானால், அளவொத்த மூலக்கூறுகளை ஒப்பிட வேண்டும். 1,2-டைகுளோரோஎத்தீனின் சிஸ் (இரு குளோரினும் ஒரே பக்கம்), டிரான்ஸ் (எதிரெதிர்ப் பக்கம்) வடிவங்கள் இதற்கு அருமையான ஜோடி. அதே அணுக்கள், அதே நிறை. சிஸ் வடிவத்துக்கு 1.9 டிபை, கொதிநிலை 60 டிகிரி. டிரான்ஸ் வடிவத்துக்கு இருமுனையே இல்லை, 48 டிகிரியில் கொதித்துவிடும். சரி, உருகுநிலை? பலரும் இதே வரிசையை அப்படியே எழுதிவிடுகிறார்கள். உண்மையில் சிஸ் சுமார் −80 டிகிரியில் உருகுகிறது, டிரான்ஸ் −50 வரை தாக்குப்பிடிக்கிறது. படிகத்துக்குள் மூலக்கூறுகள் எவ்வளவு கச்சிதமாக அடுக்கப்படுகின்றன என்பதும் உருகுநிலையைத் தீர்மானிக்கிறது. சமச்சீரான டிரான்ஸ் அதில் முந்திக்கொள்கிறது. கொதிநிலையை வைத்து உருகுநிலையைச் சொல்லவே கூடாது.

பாடப்படங்களில் நேர்முனையும் எதிர்முனையும் அசையாமல் எதிரெதிரே நிற்கும். ஆனால் பாய்மத்தில், அதாவது திரவத்திலும் வாயுவிலும், மூலக்கூறுகள் ஓயாமல் சுழல்கின்றன. எல்லாத் திசைகளும் சமமாக வாய்த்தால் சராசரி ஈர்ப்பு பூஜ்யம்தான். ஆற்றல் குறைந்த திசைகளில் சற்றே அதிக நேரம் இருப்பதால்தான் ஈர்ப்பு மிஞ்சுகிறது. இயற்பியலாளர் கீசம் கணக்கிட்ட இந்தச் சராசரி, தொலைவின் ஆறாம் அடுக்குக்கும் வெப்பநிலைக்கும் எதிர்விகிதத்தில் அமைகிறது. ஆகவே அறை வெப்பநிலையில் கிடைத்த எண்ணை அப்படியே, திரவத்துக்கும் வாயுவுக்கும் வேறுபாடு மறையும் மாறுநிலை வெப்பநிலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

தண்ணீருக்கு 1.85 டிபை என்பது தனித்த மூலக்கூறுக்கான எண். திரவத்தில் அண்டை மூலக்கூறுகள் முனைவூட்டுவதால் அது 3 டிபையை நெருங்குகிறது. 2.9 டிபை உள்ள அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதிக்க, தண்ணீர் 100 வரை போவது, ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்ததன் ஆக்சிஜனைப் பற்றும் ஹைட்ரஜன் பிணைப்பால். அதைச் சாதாரண இருமுனை ஈர்ப்போடு ஒன்றாகக் கட்டிவிட வேண்டாம்.

வலுவான இருமுனை மட்டும் இருந்தால் வாயு திரவமாகிவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதை அசைத்ததுதான். 1993இல் வான் லீவன், ஸ்மிட் என்ற ஆய்வாளர்கள் கணினிப் பாவனையில் இருமுனைத் துகள்களுக்கிடையே உள்ள லண்டன் ஈர்ப்பைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார்கள். ஒரு வரம்புக்குக் கீழே வாயு–திரவப் பிரிவே தென்படவில்லை. ஒன்றின் நேர்முனை அடுத்ததன் எதிர்முனையைப் பற்ற, துகள்கள் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டன. சங்கிலிக்குள் இரு முனைகளும் நிறைவடைந்துவிட்ட துகளுக்கு, பக்கத்துச் சங்கிலியை இழுக்கப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை.