எஸ்.ஏ.ரி. பரீட்சைக்கு ஆங்கிலச் சொற்களைப் படிப்பது எப்படி?

உயர்தரம் முடித்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகள், அந்த அனுமதிக்கான எஸ்.ஏ.ரி. பரீட்சைக்கு முதலில் தேடுவது ஆயிரம் சொல், மூவாயிரம் சொல் என்று சுற்றிவரும் பட்டியல்களைத்தான். அவற்றில் பல பழைய பரீட்சைக்குத் தொகுத்தவை. சொற்சோடி ஒப்புமை வினாக்களை 2005இலேயே எடுத்துவிட்டார்கள். 2023இல் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பரீட்சை கணினிக்கு மாறியபின் வருவது இதுதான்: 25 முதல் 150 சொல் வரையான ஒரு சிறு பந்தி, அதில் ஓர் இடைவெளி, கீழே நான்கு விடைகள். நான்கு சொல்லுக்கும் பொருள் தெரிந்திருந்தும் பிழை விடுகிறவர்கள் நிறையப் பேர். பந்தி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்காததுதான் காரணம். ஆகவே சொல்லைத் தனியே பாடமாக்காதீர்கள், வசனத்தோடு பாடமாக்குங்கள்.

முதல் வேலை அட்டை. பிறிஸ்டல் போட் ஒன்றை உள்ளங்கை அளவில் வெட்டினால் போதும். முன்பக்கத்தில் வெறும் சொல்லை எழுதாமல், அந்தச் சொல் வரும் முழு வசனத்தை ஆங்கிலத்தில் எழுதிச் சொல்லின் கீழ் கோடிடுங்கள். பின்பக்கத்தில் தமிழ்ப் பொருள், அது நல்லதைச் சொல்கிறதா கெட்டதைச் சொல்கிறதா பொதுவானதா என்பது, கூட வரும் சொல், எதனோடு மாறிப்போகும் என்பது. இந்தக் கடைசி விபரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், புள்ளி போவதும் அங்கேதான்.

'அம்பிவலன்ற்' என்ற சொல்லை எடுங்கள். கொப்பிகளில் பெரும்பாலும் 'குழப்பம்' என்று இருக்கும். அது பிழையான வழிக்குக் கொண்டுபோகும். வெளிநாடு போகவும் ஒரு மனம், ஊரில் நிற்கவும் ஒரு மனம் என்று இரண்டும் ஒரே நேரத்தில் இழுப்பதுதான் அந்த நிலை. 'இன்டிஃபரன்ற்' என்றால் எந்தப் பக்கமும் இழுப்பில்லை, அக்கறையே இல்லை. இரண்டும் ஒரே வினாவில் விடைகளாக வந்தால் 'குழப்பம்' என்று எழுதிய அட்டை உதவாது. 'இரு மனமாக இருத்தல். பின்னால் அபவுட் வரும். இன்டிஃபரன்ற் அல்ல' என்று எழுதிய அட்டை உதவும்.

அருஞ்சொற்களைவிட ஆபத்தானவை தெரிந்த சொற்கள். 'நொவல்' என்றால் கதைப்புத்தகம் என்று கடந்துபோவோம்; பந்தியில் அது 'புதுமையான' என்று வரும். 'அரெஸ்ற்' கைதுக்கு மட்டுமல்ல, நோயின் வளர்ச்சியை நிறுத்துவதற்கும் வரும். 'குவாலிஃபைட்' ஆதரவு என்றால் தகுதியானவரின் ஆதரவு அல்ல, நிபந்தனையோடு கூடிய அரைகுறை ஆதரவு. 'சாங்ஷன்' அனுமதிப்பதையும் குறிக்கும், தடையையும் குறிக்கும். இவற்றை அகராதியில் பார்க்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றாது. இவற்றுக்கென்று வேறு நிற அட்டை வையுங்கள்.

தமிழ் மொழிமூலம் படித்தவர்களிடம் ஒரு மூலதனம் இருக்கிறது. உயிரியலில் நிரோதி, இரசாயனவியலில் ஊக்கி, பொருளியலில் கிடைப்பருமை என்று படித்த கருத்துகளே 'இன்ஹிபிற்', 'கற்றலிஸ்ற்', 'ஸ்கேர்சிற்றி' என்று பந்திகளில் வருகின்றன. பொருள் ஏற்கெனவே தலைக்குள் இருப்பதால் ஆங்கிலப் பெயரை ஒட்டினால் போதும். பழைய பாடப்புத்தகத்தின் கலைச்சொற்களில் இருந்து முதல் ஐம்பது அட்டைகளைச் செய்யலாம்.

வேர்ச்சொல் படிப்பது நல்லது. 'மல்' கெட்டதையும் 'பெனி' நல்லதையும் காட்டும். ஆனால் படித்த சொல்லை நினைவில் நிறுத்த மட்டும் அதைப் பாவியுங்கள். பரீட்சையில் ஊகிக்கப் போனால், 'இன்' என்பதை 'இல்லை' என்று எடுத்து 'இன்வலியுபிள்' பெறுமதியற்றது ஆகிவிடும். உண்மையில் அது விலைமதிக்க முடியாதது.

ஒரு நாளைக்கு எட்டுப் புதுச் சொல், வாரத்தில் ஆறு நாள். பன்னிரண்டு வாரத்தில் 576 வரும், அது தாராளம். ஒவ்வோர் அட்டையையும் 1, 3, 7, 16 ஆம் நாட்களில் திரும்பப் பாருங்கள். சொல்லை மறைத்து, வசனத்தை வாசித்து, சொல்லை வாயால் சொல்லவேண்டும். பழைய அட்டைகளில் மூன்றில் ஒன்றுக்குமேல் தவறினால் இரண்டு நாள் புதுச்சொல்லை நிறுத்துங்கள். நிறுத்தாமல் ஓடுகிறவர்கள் ஆறாம் வாரத்தில் முதல் வாரச் சொற்களைப் பெரும்பாலும் மறந்திருப்பார்கள். வசனங்களை யாழ்ப்பாணப் பொது நூலகத்திலோ வீட்டிலோ ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்திலிருந்து எடுங்கள். கிரிக்கெட் செய்தியில் இந்தச் சொற்கள் குறைவு.

இனி வினாவுக்கு விடை எழுதும் முறை. விடைகளைக் கையால் மறைத்துவிட்டுப் பந்தியை வாசித்து, இடைவெளிக்கு உங்கள் சொல்லை, தமிழில் என்றாலும், முதலில் போடுங்கள். உதாரணமாக ஒரு பந்தி: களப்பில் இறால் குறைந்ததற்கு வலைகளே காரணம் என்று ஓர் ஆய்வாளர் சொன்னார், ஆனால் புதிய பதிவுகள் அந்த விளக்கத்தை — செய்யவில்லை, வலை குறைந்த ஆண்டுகளிலும் இறால் அதே வேகத்தில் குறைந்தது. 'ஆனால்' என்று கண்டதும் 'அண்டமைன்', அதாவது வலுவிழக்கச் செய்தல், என்பதைத் தெரிவு செய்வார்கள். ஆனால் ஆங்கிலப் பந்தியில் இடைவெளிக்கு முன் 'நொற்' நிற்கிறது. எதிர்மறை ஏற்கெனவே வந்துவிட்டதால் இடைவெளிக்கு வேண்டியது 'உறுதிப்படுத்து' என்ற நேர்ச்சொல், 'கொறோபரேற்'. தமிழில் மறுப்பு வினையோடு கடைசியில் வரும். ஆங்கிலத்தில் அது வினைக்கு முன்னாலேயே வந்துவிடுவதால் எங்கள் கண் அதைத் தாண்டிவிடும். 'நொற்', 'ஹார்ட்லி', 'ஃபார் ஃப்ரம்' மூன்றையும் கண்டவுடன் அடையாளமிடப் பழகுங்கள்.

வாசிப்பு, எழுத்துப் பகுதியில் இரண்டு மொடியூல்கள் (உட்பிரிவுகள்), ஒவ்வொன்றிலும் 27 வினாக்களுக்கு 32 நிமிடம். சொல் வினாக்கள் தொடக்கத்திலேயே வரும். ஒன்றுக்கு நாற்பது செக்கனுக்குமேல் கொடுக்காதீர்கள். மிஞ்சும் நேரம் பின்னால் வரும் வாதப் பந்திகளுக்கு வேண்டும். பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஆகவே வெறுமையாக விடக்கூடாது.

மாதிரிப் பரீட்சையை, உண்மைப் பரீட்சையும் நடக்கும் இலவசமான புளூபுக் செயலியில் செய்யுங்கள். அது கைபேசியில் இயங்காது, கணினியோ ஐபாடோ வேண்டும். கடைசி வாரத்தில் புதுச்சொல் வேண்டாம். தவறிய அட்டைகளையும் அந்த வேறு நிற அட்டைகளையும் மட்டும் எடுங்கள்.