சீட்டில் 'டீனியா' என்று இருந்தால்

டாக்டர் சீட்டில் 'டீனியா' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் படர்தாமரைதான், பூஞ்சைத் தொற்று. அடுத்து வரும் சொல் இடத்தைக் காட்டும்: கார்போரிஸ் உடம்பு, குரூரிஸ் தொடையிடுக்கு, பீடிஸ் பாதம், கேபிடிஸ் தலை. தலையில் வந்தால் களிம்பு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும். வெர்சிகலர் என்றால் மட்டும் தேமல்.

மெடிக்கலில் நீங்களாகவே களிம்பு வாங்கினால் ட்யூபில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டும் ஸ்டீராய்டு. போட்டதும் அரிப்பு அடங்கிவிடும். பூஞ்சையோ பரவிக்கொண்டே இருக்கும். தடிப்பின் உருவமும் மாறிவிடுவதால் டாக்டருக்கே கண்டுபிடிப்பது கஷ்டம். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். அப்புறம், அரிப்பு நின்றாலும் டாக்டர் சொன்ன நாள் வரை மருந்தைப் போடுங்கள். துண்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.