விலை தெரியாமல் விற்கும் முத்திரைகளைத் தேடும்போது நாம் விடும் பிழைகள்

போன மாரியில், இங்கிலாந்தில் இருக்கும் ஒருவர் முப்பது பழைய கடித உறைகளை ஒரே கட்டாக ஈபேயில் விற்பனைக்குப் போட்டிருந்தார். படத்தில் மேலே கிடந்த நாலைந்து உறைகள்தான் தெரிந்தன. "சிலோன், சாதாரண முத்திரைகள்" என்று ஒற்றை வரி விளக்கம். அவர் சொன்னது பொய்யில்லை, முத்திரைகள் சாதாரணமானவைதான். ஆனால் ஓர் உறையின் இடது மூலையில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் பெயர் அச்சிட்டிருந்தது. முத்திரையின் மேல் விழுந்த வட்டச் சீலில் பரந்தன் என்ற ஊர்ப்பெயர் முழுதாக வாசிக்கக் கிடைத்தது. அவர் முத்திரையைப் பார்த்து விலை போட்டார். நான் ஊரைப் பார்த்து வாங்கினேன்.

மலிவாகக் கிடைக்கும் நல்ல சேகரிப்பு என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். விற்பவருக்கு வாசிக்கத் தெரியாத ஒன்றை வாங்குபவர் வாசித்துவிடுகிறார். வன்னியில் இருக்கும் எங்களுக்கு அது ஊர்ப்பெயர், தமிழ் எழுத்து, முகவரி, சீல். எங்கள் வீடுகளில் இருந்த அல்பங்களில் அநேகமானவை 2008, 2009 இடப்பெயர்வுகளில் போய்விட்டன. என்னுடையதும் போனது. வன்னியில் இருந்து போன கடிதங்களில் மிஞ்சியவை இன்று கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் யாரோ ஒருவரின் அலுமாரியில் இருக்கின்றன. வீட்டுக்காரர் இறந்ததும் பிள்ளைகள் பெட்டியோடு விற்க, அவை இணையத்துக்கு வருகின்றன. அதனால் எங்களுக்கு இணையச் சந்தை பொழுதுபோக்கு மட்டுமில்லை, போனதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுக்கும் வழியும் அதுதான். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் புதிதாகச் சேர்க்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் என்னிடம் படங்களை அனுப்பி "வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்கள் விடும் பிழைகள் அநேகமாக நானும் விட்டவைதான்.

தேடும் சொல்லில் தொடங்கும் பிழை

"அரிய முத்திரைகள்" என்று தேடினால் அரிய விலைகள்தான் வரும். தன் பொருளை அறிந்தவர் தலைப்பிலேயே ஆண்டு, அரசர், நிறம் எல்லாம் எழுதிவிடுவார். அந்தப் பக்கத்தை உலகம் முழுக்க இருக்கும் சேகரிப்பாளர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். அறியாதவர் "தாத்தாவின் பழைய புத்தகம்", "பழைய கடிதங்கள்", "ஒரு பெட்டி பழைய தாள்கள்" என்று எழுதுவார். அதைப் போடும் பிரிவும் வேறாக இருக்கும். நாணயப் பிரிவு, பழைய புத்தகப் பிரிவு, அஞ்சலட்டைப் பிரிவு, வீட்டுச் சாமான் பிரிவு எல்லாவற்றையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

இலங்கைக்குள் தேடும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் தேடுவது எங்கள் ஆட்களின் பெரிய பிழை. இக்மன் விளம்பரத் தளத்திலும் பேஸ்புக்கிலும் பழைய பொருள் விளம்பரங்களில் கணிசமானவை சிங்களத்தில்தான் வருகின்றன. முத்திரைக்குச் சிங்களச் சொல் முத்தர (muddara). அதைச் சிங்கள எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தேடுங்கள். சிங்களம் வாசிக்க வராவிட்டால் தெரிந்த ஒருவரிடம் அந்தச் சொல்லை எழுதி வாங்கி போனில் சேமித்து வைத்தால் போதும். அதேபோல முல்லைத்தீவு, கனகராயன்குளம், புளியங்குளம் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். ஓர் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் நாலைந்து தரம் தேட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் நல்ல உறைகள் அநேகமாக அந்த நாலாவது தேடலில்தான் எனக்குக் கிடைத்திருக்கின்றன.

பேர்போன முத்திரையைத் துரத்துவது

முத்திரை என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது பென்னி பிளாக். 1840 மே மாதத்தில் வந்த உலகின் முதல் ஒட்டு முத்திரை அது. ஆனால் அதில் ஏறத்தாழ 6 கோடியே 80 இலட்சம் அச்சிட்டார்கள். பழையது, புகழ்பெற்றது, ஆனால் தேடிக் கிடைக்காத பொருள் இல்லை. ஒரு முத்திரையின் வயதை வைத்து அதன் விலையை ஊகிக்க முடியாது என்பதை இந்த ஒன்றிலிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

எங்கள் நாட்டின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1 அன்று வந்த ஆறு பென்ஸ் முத்திரை. விக்டோரியா அரசியின் தலை, ஓரத்தில் துளை இல்லை, கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும். 1859இல் வந்த நாலு பென்ஸ் மங்கிய ரோஜா நிற முத்திரைதான் சிலோன் முத்திரைகளில் மிகப் பேர்போனது. அதற்குக் கொடுக்கும் விலையில் வீடு கட்டலாம். அதனால்தான் அதைப்போல ஒன்றைச் செய்துவிட ஆட்கள் பாடுபடுகிறார்கள். பின்னால் துளையோடு வந்த அதே வடிவ முத்திரையின் ஓரத்தை வெட்டி, துளையில்லாததுபோல் காட்டுவது வழமையான வித்தை. நாலு பக்கமும் தாராளமான வெள்ளை ஓரம் இல்லாத எதையும் "துளையில்லாதது" என்று நம்பிக் காசு கொடுக்கக் கூடாது. அந்த நாலு பென்ஸ், எட்டு பென்ஸ் வகைகளுக்கு எண்கோணச் சட்டம். அந்தக் காலத்தில் பலர் அந்தச் சட்டத்தைச் சுற்றியே வெட்டி ஒட்டினார்கள். அப்படி வெட்டியது உண்மையான முத்திரையாகவே இருந்தாலும் விலை பல மடங்கு குறைந்துவிடும்.

இன்னொரு குழப்பம், ஒரே தலை, ஒரே நிறம், முத்திரையில் அச்சிட்ட விலையும் ஒன்றே. ஆனால் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றில் நட்சத்திர நீர்க்குறி இருக்கும், ஒன்றில் எதுவுமே இராது, இன்னொன்றில் கிரீடமும் இரண்டு எழுத்துகளும் இருக்கும். சேகரிப்பாளர் பார்க்கும் விலைப் பட்டியலில் இவற்றின் விலைகள் வெவ்வேறு. நீர்க்குறி போன் படத்தில் தெரியாது. ஆகவே அதைச் சொல்லி விலை ஏற்றுபவரிடம், உங்கள் கையால் பார்க்கும்வரை சாதாரண வகையின் விலைக்கு மேல் போகாதீர்கள்.

இந்தியப் பக்கத்தில் 1948 காந்தி வரிசையின் பத்து ரூபாய் முத்திரை இதே வியாதிதான். போலிகள் நிறையச் சுற்றுகின்றன. உண்மையானது சுவிற்சர்லாந்தில் அச்சிட்டது, துளை அளவு 11½, அதாவது இரண்டு சென்ரிமீற்றருக்குள் பதினொன்றரைத் துளைகள். துளைகளை அளக்கும் துளைமானி அட்டை ஒன்று மட்டும் கையில் இருந்தால் பல ஏமாற்றங்கள் அங்கேயே நின்றுவிடும்.

ஐந்தாம் ஜோர்ஜ் காலத்தில் சிலோனில் 50, 100, 500, 1000 ரூபாய் முத்திரைகளும் வந்தன. ஆயிரம் ரூபாய்க்கு யார் கடிதம் போட்டார்கள்? அவை பெரும்பாலும் அரச வரிக்கும் பத்திரங்களுக்கும் பயன்பட்டவை. பேனாவால் கீறி இரத்துச் செய்த பிரதிக்குத் தபாலில் போன பிரதியின் விலை இல்லை. பேனா மையைக் கழுவிவிட்டுப் பொய்ச் சீல் குத்தி விற்பதும் நடக்கிறது. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் பழைய காணி உறுதியிலிருந்து முத்திரையை உரித்து விற்காதீர்கள். வன்னியில் எத்தனை குடும்பங்கள் உறுதி இல்லாமல் அலைகின்றன என்று எங்களுக்குத் தெரியும்.

ஆசைப்படும் விலை வேறு, விற்ற விலை வேறு

"இதே முத்திரை ஈபேயில் இருநூறு டொலர், இங்கே ஐயாயிரம் ரூபாய்தான் கேட்கிறார்" என்று ஒரு தம்பி எனக்கு எழுதினார். அந்த இருநூறு டொலர் விளம்பரம் எத்தனை வருடமாக அங்கே கிடக்கிறதோ! யாரும் எதற்கும் எந்த விலையும் எழுதி வைக்கலாம். விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டும்படி தேடலை மாற்றிப் பாருங்கள். அங்கே தெரிவதுதான் உண்மையான சந்தை. அந்தத் தம்பி தேடிய முத்திரை அங்கே மூன்று டொலருக்குப் போயிருந்தது.

ஸ்டான்லி கிப்பன்ஸ் என்ற லண்டன் முத்திரைக் கடையின் விலைப் பட்டியலை வைத்துக் கணக்குப் போடுவதும் இதே பிழைதான். அந்த விலை, குறையில்லாத நல்ல பிரதியை அந்தக் கடையே விற்கும் விலை. சாதாரண முத்திரைகளுக்குப் போட்டிருக்கும் அடிமட்ட விலை, எடுத்துத் தரும் கூலி மாதிரி. அப்படியான ஆயிரம் முத்திரையை அந்த விலையால் பெருக்கி "பட்டியல் மதிப்பு இவ்வளவு" என்று ஒருவர் விற்கிறார் என்றால், அந்தப் பெருக்கலுக்கு அர்த்தமே இல்லை.

அப்புறம், நிறத்தைக் கண்டு மயங்குவது. பெரிய, பளபளப்பான, மிருகமும் விண்வெளியும் ஓவியமுமாக இருக்கும் முத்திரைகள் நிறைந்த அல்பம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அஜ்மான், புஜைரா, ஷார்ஜா போன்ற வளைகுடா அமீரகங்களின் பெயரில் 1960களின் பிற்பாதியிலும் 1970களின் தொடக்கத்திலும் சேகரிப்பாளருக்கென்றே குவித்து அச்சிட்டவை அவற்றில் நிறைய. மூலையில் அழகாகச் சீல் விழுந்திருக்கும், பின்பக்கத்தில் பசை அப்படியே இருக்கும். கடிதத்தில் ஒட்டாமலே சீல் குத்தியது என்று அதிலிருந்தே தெரியும். பிள்ளைக்கு விளையாட வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. முதலீடு என்று நினைத்து மட்டும் வாங்காதீர்கள்.

"இதுவரை யாரும் பார்க்காத பெட்டி" என்ற விளம்பரத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பு சைபர். வியாபாரி ஒருவர் முத்திரைப் பெட்டியைப் பார்க்காமல் விற்கமாட்டார். அந்தச் சொல்லைக் குடும்பத்துக்காரர் சொன்னால் ஓரளவு நம்பலாம், வாரம் பத்துப் பெட்டி விற்பவர் சொன்னால் நம்பவே கூடாது.

படத்தில் தெரியாத பின்பக்கம்

முத்திரையின் பாதி உயிர் பின்பக்கத்தில் இருக்கிறது. உரித்தபோது தாள் மெலிந்திருக்கும், பசை போயிருக்கும், அல்லது புதிதாகப் பசை பூசியிருப்பார்கள். பின்பக்கப் படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள், அடுத்தது வரும். எங்கள் நாட்டில் இருந்த சேகரிப்புகளில் பழுப்புப் புள்ளி மிக வழமை. ஈரக் காற்றில் பூஞ்சணம் தாளைப் பிடித்ததன் அடையாளம் அது. வாங்கி வந்த அல்பத்தில் அது இருந்தால் வீட்டில் இருக்கும் மற்ற அல்பங்களோடு சேர்த்து வைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவிவிடும்.

சில வருடங்களுக்கு முன் முகம் தெரியாத ஒருவரின் வங்கிக் கணக்குக்கு முழுக் காசையும் போட்டு ஓர் அல்பம் வாங்கினேன். படத்தில் நிறைந்திருந்த இரண்டு பக்கங்கள், பொதி வந்தபோது வெறுமையாக இருந்தன. முத்திரை இருந்த இடத்தில் ஒட்டுத்தாளின் அடையாளம் மட்டும்தான். கேட்டேன், பதில் இல்லை. அன்றிலிருந்து விளம்பரப் படங்கள் எல்லாவற்றையும் சேமித்து வைக்கிறேன், காசு போடும் முன் அல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டும் வீடியோ கேட்கிறேன், முடிந்தால் நேரில் பார்த்து வாங்குகிறேன். வவுனியா வரையோ யாழ்ப்பாணம் வரையோ பஸ்ஸில் போய்வரும் செலவு, தொலைந்த அந்தக் காசைவிடக் குறைவு.

வெளிநாட்டிலிருந்து எடுப்பவர்கள் தபால் செலவைப் பொருளின் விலையோடு கூட்டிய பிறகே மலிவா என்று பார்க்க வேண்டும். 2022இல் டொலர் இருநூறு ரூபாய் அளவிலிருந்து முந்நூற்றைம்பதுக்கு மேல் ஏறியபோது, மலிவு என்று நான் குறித்து வைத்திருந்த பலதும் மலிவில்லாமல் போனது.

ஊருக்குள் விற்பவரிடம்

இது விலையைப் பற்றியதல்ல, ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. முழுநேர வியாபாரி தன் பொருளை அறியாமல் விற்றால், தேடிப் படித்தவர் பயனடைவது நியாயம். எங்கள் ஊரில் வயதான ஒருவர், மருந்துச் செலவுக்கோ பிள்ளையின் படிப்புக்கோ கணவர் சேர்த்ததை விற்க வருகிறார் என்றால் அது வேறு. மாங்குளத்துக்குக் கிட்ட ஓர் அம்மா அப்படி ஒரு தகரப்பெட்டியைக் காட்டினார். முத்திரைகளுக்குப் பெரிய விலை இல்லை என்பதைச் சொன்னேன். அடியில் கிடந்த 1970களின் கடித உறைகளுக்குத்தான் விலை என்பதையும் சொன்னேன். அவர் உறைகளில் பாதியை வைத்துக்கொண்டு மீதியைத் தந்தார். அவர் வைத்துக்கொண்டதில் கணவரின் கையெழுத்து இருந்தது.

வாங்கிய பிறகு விடும் பிழை

சிறுவயதில் எங்களுக்கு முத்திரை சேர்ப்பது என்றால் உறையைக் கிழித்து, முத்திரை இருந்த மூலையை வெட்டி, கோப்பைத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய புத்தகத்துக்குள் காயவைப்பது. அப்படித்தான் எங்கள் வீட்டுக் கடிதங்கள் எல்லாவற்றையும் அழித்தேன். முகவரி, திகதி, ஊர்ச் சீல் எல்லாம் குப்பைக்குப் போயின. மிஞ்சியது எங்கும் கிடைக்கும் முத்திரைகள். இன்று அந்த உறைகளில் ஒன்றுக்கு என்ன கேட்டாலும் கொடுப்பேன்.

ஆகவே உறையோடு வந்ததை உறையோடு வையுங்கள், உள்ளே கடிதம் இருந்தால் கடிதத்தோடு. 1930களின் சிலோன் முப்பது சத முத்திரையில் பழைய நீர்ப்பாசனக் குளம் ஒன்றின் காட்சி இருக்கும். தனி முத்திரையாக அது எவரிடமும் கிடைக்கும். அதே முத்திரை முல்லைத்தீவுச் சீலோடு உறையில் ஒட்டி வந்தால், குளங்களால் வாழும் எங்கள் நாட்டிலிருந்து குளத்தின் படத்தோடு போன ஒரு கடிதம் கையில் இருக்கும். நான் இன்னும் அதைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். எங்காவது கண்டால், தண்ணீரில் போடும் முன் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.