49 மெர்க்குரியின் கூரையை 4 மி.மீ. இறக்குவது எப்படி: பழைய அச்சில் வந்த கிட்டைக் கட்டுவோருக்கு

மாடல் கிட் பிராண்டான ஏஎம்டியின் 1/25 அளவு 1949 மெர்க்குரி கார் பிளாஸ்டிக் கிட்டுக்கு 1960-களில் அச்சு வெட்டினார்கள். ஏஎம்டி பெயர் இன்று ரவுண்ட் 2 என்ற அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கிறது. பழைய பாகங்களையே அது புதுப் பெட்டியில், புது டெகாலோடு (ஒட்டுப்படம்) திரும்ப வெளியிடுகிறது. ஜப்பானிய நிறுவனமான டமியாவின் இன்றைய கிட்டைப் போலப் பாகங்கள் தாமாகவே வந்து உட்காரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இந்த வகைக் கிட்டில் பாதிக்கும் மேற்பட்ட வேலை பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கூரையை இறக்கும் 'சாப்' வேலைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

இந்தக் காருக்கு சாப் வெளியிலிருந்து வந்த ஒட்டு அலங்காரம் அல்ல. கலிஃபோர்னியாவில் கார்களை உருமாற்றும் பட்டறை நடத்திய பாரிஸ் சகோதரர்களில் ஒருவரான சாம் பாரிஸ் தன் 49 மெர்க்குரியின் கூரையைத்தான் இறக்கினார். பாரிஸ் சகோதரர்களின் பட்டறையில் 1951 மெர்க்குரியை வைத்து உருவான ஹிரோஹாட்டா மெர்க் 1953-இல் வந்தது. கஸ்டம் கார் (உருமாற்றிய கார்) என்றாலே பலருக்கு இன்றும் அந்த உருவம்தான் நினைவுக்கு வருகிறது.

1/25 அளவில் ஒரு வசதி உண்டு. நிஜக் காரின் ஓர் அங்குலம் மாடலில் 1.016 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட 1 மி.மீ. நான்கு அங்குல சாப் என்றால் 4 மி.மீ. வெட்டினால் போதும். மெர்க்குரியின் வீல்பேஸ் 118 அங்குலம், மாடலில் 119.9 மி.மீ. மோனோகிராம் போன்ற 1/24 கிட்டிலிருந்து டயரோ எஞ்சினோ இரவல் வாங்கினால் அது 4 சதவீதம் பெரிதாக இருக்கும். எஞ்சினிலும் டயரிலும் இந்த வித்தியாசம் கண்ணில் படாது, பம்பரிலும் கண்ணாடியிலும் உடனே தெரிந்துவிடும்.

வெட்டுவதற்கு முன்

பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூ எல்லாவற்றையும் வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷால் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து பாகம் கழன்று வரத் தடவிய எண்ணெய் மிச்சமிருந்தால் அந்த இடத்தில் பிரைமர் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகும். டயர்களை அப்போதே தனிப் பையில் போட்டுவிடுங்கள். வினைல் டயரில் இருக்கும் பிளாஸ்டிசைசர் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை உருக்கும். கண்ணாடிப் பாகத்தின் மேல் டயர் கிடந்திருந்தால் டயரின் தடம் அப்படியே பதிந்திருக்கும். சரிசெய்ய வழியில்லை, புதுக் கண்ணாடிதான் செய்ய வேண்டும்.

பாடியை மேசைக்கண்ணாடி மேல் வைத்து நான்கு மூலைகளும் தொடுகின்றனவா என்று பாருங்கள். முறுக்கு இருந்தால் 70 டிகிரி அளவு சூடான நீரில் அரை நிமிடம் பிடித்து, எதிர்ப்பக்கம் மெதுவாக வளைத்து, அந்த நிலையிலேயே குளிர்ந்த நீரில் முக்குங்கள். ஒரே முறையில் நேராக்கப் பார்க்காமல் இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். கொதிநீர் வேண்டாம், மெல்லிய தூண்கள் துவண்டுவிடும்.

அடுத்தது அச்சுக்கோடு. அச்சின் பலகைகள் சந்தித்த இடம் ஃபென்டரின் மேல்விளிம்பு, கண்ணாடித் தூண்கள், கூரையின் ஓரம் வழியாக மெல்லிய வரம்பாக ஓடும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டுப் பார்த்தால் தெரியும். கத்தியின் முதுகால் சுரண்டி, 400, பிறகு 600 எண் உப்புத்தாளால் நீரோடு தேயுங்கள். கதவு, டிக்கி இடுக்குக் கோடுகளையும் இப்போதே கத்தி முதுகால் ஆழப்படுத்திவிட வேண்டும். பிரைமர், நிறம், கிளியர் (நிறமில்லா மேற்பூச்சு) எல்லாம் ஏறிய பின் ஆழமில்லாத கோடு மறைந்துபோகும், அப்புறம் கீறினால் பெயிண்ட் உரியும்.

கஸ்டம் மெர்க்குரியில் பானெட் சின்னம், டிக்கி அலங்காரம், கதவுக் கைப்பிடிகள் ஆகியவற்றை எடுத்துவிடுவது மரபு. சுரண்டிச் சமமாக்கி, துளை இருந்தால் ஸ்ப்ரூவைச் சூட்டில் இழுத்துக் கம்பியாக்கிச் செருகி ஒட்டுங்கள். சிறு பள்ளங்களுக்கு சூப்பர் க்ளூவே நல்ல புட்டி, ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் அது ஸ்டைரீனை விடக் கடினமாகிவிடும். பிறகு தேய்த்தால் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் குழியும், ஒட்டு மட்டும் மேடாக நிற்கும்.

கூரை

முதலில் பாடிக்குள் தாங்கல் கொடுங்கள். கதவுக்கு நேர் உள்பக்கத்தில் இடமிருந்து வலமாகத் தடித்த ஸ்ப்ரூத் துண்டு ஒன்றை அளவாக வெட்டி சூப்பர் க்ளூவால் ஒட்டினால் போதும். கூரை போனதும் பாடியின் இரு பக்கமும் வெளியே விரியும். தாங்கல் இல்லாமல் கூரையைத் திருப்பி ஒட்டியவர்களின் காரில் சேசிஸ் உட்காராது, காரணமும் கடைசிவரை பிடிபடாது.

மாஸ்கிங் டேப்பைச் சரியாக 4 மி.மீ. அகலத்தில் நறுக்கி, முன் தூண்களிலும் நடுத் தூண்களிலும் ஜன்னலின் அடிக்கோட்டுக்கு இணையாகச் சுற்றுங்கள். டேப்பின் மேல்விளிம்பில் ஒரு வெட்டு, கீழ்விளிம்பில் ஒரு வெட்டு. இரண்டு பக்கத் தூண்களிலும் டேப் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று வெர்னியரால் அளந்த பிறகுதான் ரம்பத்தைத் தொட வேண்டும். ரம்பம் மெல்லிய பல் கொண்ட ரேஸர் சா. கத்தியால் அழுத்தி வெட்டினால் தூண் முறியும்.

பின்பக்கத்தில் அதே 4 மி.மீ. பட்டையை எடுக்கக் கூடாது, பெரும்பாலான சாப்கள் கெடுவது இங்கேதான். முன் தூண் பின்னோக்கிச் சாய்ந்து நிற்கிறது. சாய்வு செங்குத்திலிருந்து 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 4 மி.மீ. எடுத்ததும் மேல் துண்டு கீழ்த் துண்டுக்கு 2.3 மி.மீ. பின்னால் போய் நிற்கும். இரண்டையும் சேர்க்கக் கூரையை 2.3 மி.மீ. முன்னே நகர்த்த வேண்டும். பின்கண்ணாடிப் பகுதியோ இன்னும் படுத்த சாய்வில் இருக்கிறது, அங்கே பட்டை எடுத்தால் இடைவெளி பெரிதாகும், பின்கண்ணாடியும் ஒரு கீற்றாகிவிடும்.

அதனால் கூரையைப் பின்கண்ணாடிக்குச் சற்று மேலே குறுக்கே வெட்டிப் பிரித்துவிடுங்கள். பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டத்தின் இரு பக்கமும் மேலிருந்து கீழ்வரை வெட்டி, அடியில் மட்டும் உள்பக்கமாக ஆழமான கோடு கீறி, உயரத்தைக் குறைக்காமல் முன்னோக்கிச் சாயுங்கள். 45 டிகிரியில் நிற்கும் 20 மி.மீ. நீளச் சட்டத்தின் மேல்முனை 4 மி.மீ. தாழ்ந்தால், அது 3.1 மி.மீ. முன்னே வரும். கூரையும் 2.3 மி.மீ. முன்னே போயிருப்பதால் இரண்டும் 1 மி.மீ.-க்கும் குறைவாகவே ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதை இழைத்துவிட்டால் கூரையின் வளைவும் பின்கண்ணாடியின் வளைவும் ஒரே ஓட்டமாகச் சேரும். உங்கள் பாடியின் சாய்வை அட்டையில் வரைந்து இதே கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு வெட்டுங்கள்.

பக்கவாட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. தூண்கள் மேலே போகப்போக உள்ளே சாய்வதால், இறக்கிய கூரை கீழ்த் துண்டுகளை விட ஒடுக்கமாக இருக்கும். முன் தூண்களை விரலால் லேசாக உள்ளே தள்ளினால் சரியாகும். பின்புற அகலப் பலகைகள் வளையாது. அங்கே தோன்றும் ஆப்பு வடிவ இடைவெளியில் எவர்கிரீன் ஸ்டைரீன் பட்டையை வைத்து ஒட்டி, உருவத்துக்கு இழைக்க வேண்டும். புட்டியை மட்டும் நம்பி இந்த இடத்தை நிரப்பாதீர்கள். தடித்த புட்டி மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும், சில வாரங்களில் சுருங்கிப் பெயிண்டுக்கு மேலே பள்ளம் காட்டும்.

எல்லா ஒட்டுக்கும் டமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற கரைப்பான் பசை. ஒவ்வொரு ஒட்டின் உள்பக்கத்திலும் 0.5 மி.மீ. ஸ்டைரீன் பட்டை ஒன்றை முட்டுக் கொடுங்கள், ஆனால் கண்ணாடி உட்காரும் இடத்தை விட்டுவிடுங்கள். ஒட்டியதும் தேய்க்க ஆரம்பிக்க வேண்டாம். கரைப்பான் முழுதாக வெளியேற ஒரு வாரம் விட்டால், பெயிண்டுக்குப் பிறகு ஒட்டுக்கோடு பேயாக எழும்பாது.

கண்ணாடியும் உட்புறமும்

கிட்டின் கண்ணாடி இனி பொருந்தாது. மெர்க்குரியின் முன்கண்ணாடி நடுவில் பிரிந்த இரண்டு பலகைகள், இரண்டும் ஏறக்குறையத் தட்டை. எனவே 0.25 மி.மீ. தெளிவான பிளாஸ்டிக் தாளிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். சட்டை டப்பாவின் மூடி நன்றாக உதவும். திறப்பின் மேல் டேப்பை ஒட்டி, விளிம்பைப் பென்சிலால் தேய்த்து, அந்த டேப்பையே வார்ப்புருவாக்குங்கள். ஒட்டுவதற்கு ஃபெவிகால் போதும். சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடியை வெண்படலமாக்கிவிடும். உள்ளே சீட்டின் முதுகும் ஸ்டீயரிங்கும் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கின்றனவா என்று பாருங்கள். சீட்டின் அடியை 1.5 முதல் 2 மி.மீ. வரை தேய்த்தால் பார்வைக்குச் சரியாகும்.

இந்தக் கட்டத்தில் பாடி, கண்ணாடி, உட்புறம், சேசிஸ், ரேடியேட்டர், பானெட் அனைத்தையும் டேப்பால் சேர்த்து ஒருமுறை முழுக் காராக நிறுத்தியே ஆக வேண்டும். பழைய அச்சில் டேஷ்போர்டு கண்ணாடியின் அடியை இடிப்பதும், ரேடியேட்டர் பானெட்டைத் தூக்குவதும் சகஜம். இடிக்கும் இடத்தை இப்போது அரை மில்லிமீட்டர் தேய்த்தால் முடிந்தது. பெயிண்டுக்குப் பிறகு தெரிந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

காரைத் தரையோடு தாழ்த்துவதும் இதே நேரத்து வேலை. பல பழைய கிட்டுகளில் முன்சக்கரங்கள் ஒரே கம்பி ஆக்சிலில் ஓடும், சிலவற்றில் அது எஞ்சினுக்குள்ளேயே நுழைந்து போகும். துளையை ஸ்ப்ரூக் கம்பியால் அடைத்து, 3 மி.மீ. மேலே பின் வைஸ் என்ற சிறு கைத்துளைப்பானால் புதுத் துளை போடுங்கள். பின் ஆக்சிலை மேலே தூக்கினால் புரொபெல்லர் ஷாஃப்ட் காரின் அடித்தளத்தை இடிக்கும், சைலன்சர் குழாயையும் வளைக்க வேண்டிவரும். பின்சக்கரத்தை மூடும் ஸ்கர்ட் போடுவதானால் ஆக்சிலைப் பக்கத்துக்கு 1 மி.மீ. குறுக்குங்கள், இல்லையேல் டயர் ஸ்கர்ட்டை வெளியே தள்ளும்.

குரோமும் பெயிண்டும்

கிட்டின் குரோம் பளபளப்பாக இருந்தாலும் பம்பர் நடுவே அச்சுக்கோடும் ஸ்ப்ரூ வெட்டிய தழும்பும் தெரிந்தால் அழகில்லை. சோடியம் ஹைப்போகுளோரைட் ப்ளீச்சில் ஊறவைத்தால் அலுமினியப் படலம் கரைந்துவிடும். கையுறை, காற்றோட்டம் இரண்டும் கட்டாயம், டாய்லெட் ஆசிடோடு எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். அடியில் நிற்கும் வார்னிஷ் பல நேரங்களில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஊறிக் கழன்றுவிடும். தேய்த்துச் சுத்தமாக்கிப் பளபளப்பான கறுப்பு அடித்து, அது முற்றிலும் காய்ந்தபின் அல்கிளாட் குரோம் பெயிண்டை மிக மெல்லியதாகப் பாய்ச்சுங்கள். குரோமை அப்படியே வைத்துக்கொள்வதென்றால் ஒட்டும் இடத்தில் மட்டும் சுரண்டிவிடுங்கள், பசை குரோமைப் பிடிக்காது.

பாடி சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டிருந்தால் அந்தச் சாயம் வெள்ளை, மஞ்சள் பெயிண்டில் இளஞ்சிவப்பாக ஊடுருவும். சாதாரண பிரைமர் தடுக்காது. இடையில் ஒரு வெள்ளி நிறப் பூச்சு கொடுங்கள். கார் பட்டறை லாக்கர் தின்னர் ஸ்டைரீனைத் தாக்கி நுண்விரிசல் உண்டாக்கும், எனவே புதுப் பெயிண்டை முதலில் உதிரிப் பாகத்தில் அடித்துப் பாருங்கள். கடலோர ஊர்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் லாக்கர் வெளிறிப் பால் பூத்தது போலாகும். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளில் அடிக்காமல் இருப்பதே மேல். அவசரம் என்றால் மெதுவாகக் காயும் லெவலிங் தின்னர் கலந்துகொள்ளுங்கள்.

சுரண்டாமல் விட்ட எழுத்துகளோ சின்னமோ பாடியில் இருந்தால், பிரைமருக்கு மேல், நிறத்துக்கு முன், பேர் மெட்டல் ஃபாயில் என்ற மெல்லிய ஒட்டும் உலோகத்தாளின் துண்டை அவற்றின் மேல் ஒட்டி, பல்குச்சியால் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் அழுத்துங்கள். பிறகு நிறம் அடித்துக் காய்ந்ததும், பனியன் துணியை விரலில் இறுகச் சுற்றி, தின்னரை ஒற்றி எடுத்து, மேடான இடத்தில் மட்டும் மெதுவாகத் தடவினால் பெயிண்ட் போய் வெள்ளி எழுத்துகள் கூர்மையாக வெளிவரும். கிளியர் கோட் அதன் பிறகுதான்.

ஜன்னல் ஓரக் குரோம் கோடுகளுக்கு ஃபாயிலைக் கிளியர் காய்ந்தபின் ஒட்டுங்கள். ஒரு ஜன்னலுக்கு ஒரு புது பிளேடு. மழுங்கிய பிளேடு ஃபாயிலைக் கிழிக்கும், அழுத்தி வெட்டினால் பெயிண்டையும் சேர்த்து வெட்டும். முன்கண்ணாடியின் நடுக்கம்பிக்கு 0.5 மி.மீ. ஸ்டைரீன் பட்டையில் ஃபாயில் சுற்றி ஒட்டினால் போதும். சக்கரம் மாட்டுமுன் ரிம் ஓரத்தில் ஃபெவிகாலை மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். டயரின் பிளாஸ்டிசைசர் ரிம்முக்குப் போகாமல் அந்தப் படலம் தடுக்கும்.